நாற்பத்தொரு சதவீத அத்தான்

என் அக்கா புருஷனைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வருஷமாக அந்த மனுஷனோடு எனக்கு ஒத்துப்போனதே கிடையாது. நான் நில அளவைக்காரன். இருக்கிற நிலத்தை இருக்கிறபடி அளந்து, கோடு பிசகாமல் வரைந்து கொடுத்தே ஓய்வு பெற்றவன். அத்தானோ போட்டோ ஸ்டூடியோக்காரர். இருப்பதை அழித்துவிட்டு இல்லாததைப் பூசியே குடும்பம் நடத்தியவர். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில், அவர் கீழேயும் நான் மாடியிலுமாகக் குடியிருந்தால் என்ன நடக்குமோ அது தினமும் நடந்தது.

ஸ்டூடியோ கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்தது. முன்னறையில் கண்ணாடி மேஜை, ரசீதுப் புத்தகம், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, பவுடர் டப்பா. கோட்டு இல்லாதவர்களுக்காக மூன்று அளவில் கறுப்புக் கோட்டுகள். எல்லாவற்றுக்கும் முதுகைக் கீறி வைத்திருப்பார். ஒல்லியான ஆள் வந்தால் பின்னால் கிளிப் போடுவார், குண்டான ஆள் வந்தால் திறந்து விட்டுவிடுவார். உள்ளறையில் இரண்டு குடை விளக்கு, ஒரு முக்காலி, நீலத் திரை. அதற்கும் உள்ளே, ஒரே ஒரு ஆள் முட்டியை மடக்கி உட்காரும் அளவுக்கு ஓர் அறை. அதில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அத்தானின் ராஜ்ஜியம் அது.

எடுத்த படத்தில் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு இவற்றையெல்லாம் நீக்குகிற வேலைக்கு ஸ்டூடியோக்காரர்கள் டச்சிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அத்தான் அதில் சூரர். ஊருக்குள் அவருக்கு டச்சிங்காரர் என்றே பேர். ஒருமுறை ஒரு தலைமையாசிரியர் பணி ஓய்வு விழாவுக்கென்று படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது யாருப்பா?"

"நீங்கதான் சார்."

"நான் இவ்வளவு நல்லவன் மாதிரியா இருக்கேன்?"

"கோபத்தை மட்டும் கொஞ்சம் எடுத்தேன் சார். மத்ததெல்லாம் உங்களோடதுதான்."

தலைமையாசிரியர் இன்னும் மூன்று காப்பி போடச் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டேன். அத்தான் சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொன்னார். அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் இதுவும் ஒன்று. எவ்வளவு திட்டினாலும் டீ சொல்வார்.

ஆனால் ஒன்றில் மட்டும் கறாராக இருப்பார். கடை வாசலில் அவர் கையாலேயே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'பாஸ்போர்ட், விசா படங்களுக்கு டச்சிங் கிடையாது. வற்புறுத்த வேண்டாம்.' யார் வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டார். "கவர்மெண்ட் படம்மா, அதுல நான் கை வைக்கக் கூடாது" என்று பரு முகத்தோடே அச்சடித்துக் கொடுத்து அனுப்புவார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மதித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்காவை அவர் கட்டிக்கொண்டதும் ஒரு படத்தால்தான். எங்கள் வீட்டுக்குக் குடும்பப் படம் எடுக்க வந்தவர், வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி அக்காவை நடுவில் உட்காரவைத்து என்னை ஓரத்துக்குத் தள்ளினார். அன்றைக்குத் தள்ளப்பட்டவன் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முதல் பத்து வருஷம் சொந்தக்காரர்கள் அதைப் பேசினார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துப் போயிற்று. எனக்குக் கல்யாணமே இல்லை. ஆகவே மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தோம்.

சௌக்கியம் கெட்டது அக்காவின் நெஞ்சால். எங்கள் தெருக்கோடியில் ஜல்லி உடைக்கும் ஆலை வந்தது. நாள் முழுக்க லாரி. மழை இல்லாத நாலைந்து மாதம் ஜன்னலைத் திறந்தால் மேஜை மேல் விரலால் பேர் எழுதலாம். அக்காவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் அது முற்றி, படுத்தால் மூச்சு முட்டும் என்ற நிலைக்கு வந்தது. சுவரில் மூன்று தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். போன புழுதிக் காலத்தில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு வருஷம் இதே காற்றை இவங்க சுவாசிக்கக் கூடாது என்றார். அத்தானிடம் அதை நான்தான் சொன்னேன். அவர் டீ எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன், ஓய்வுப் பணம் வந்தது. வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஆடம்பரமாக மூன்று பேருக்கும் வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கட்டினேன். பன்னிரண்டு நாள், கடலோர ஊர். அதற்காகத்தான் பழைய பாஸ்போர்ட்டுகளை எல்லாம் புதுப்பித்தோம். எங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட்டுக்கான படத்தை நாமேதான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். மூன்று பேர் படத்தையும் ஒரே நாளில் அத்தானே எடுத்தார்.

போன இடத்தில் முதல் நாள் மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு அக்கா விடுதிக் கட்டிலில் சும்மா சாய்ந்தாள். கால்மணி நேரத்தில் சரிந்து, மல்லாக்கப் படுத்துத் தூங்கிவிட்டாள். தலையணை ஒன்றுதான். நான் ஏதோ கேட்கப் போனபோது அத்தான் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரல் வைத்து என்னைப் போகச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் விரல் அங்கேயே இருந்தது.

பன்னிரண்டு நாளும் அவள் படுத்தே தூங்கினாள். கடற்கரையோரம் நடந்தாள். கடைசி நாள் என்னோடு குரலை உயர்த்திச் சண்டை போட்டாள், நடுவில் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற விமானத்திலேயே அத்தான் தீர்மானித்துவிட்டார்.

"மாப்ளே, ரிட்டயர் ஆனவங்களுக்கு அங்க தனி விசா இருக்காம். டூர்க்காரர் சொன்னார். நாங்க அங்கயே போயிடறோம்."

"என்னை என்ன செய்யறதா உத்தேசம்?"

"நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வா. சண்டை போட ஆள் வேணும்ல?"

விசாவுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்த வேலை என்னுடையது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும். அந்த நாட்டு வங்கி ஒன்றில், விண்ணப்பிக்கிறவர் பேரிலேயே கணக்குத் திறந்து, அவர்கள் சொல்லும் தொகையைப் போட்டு, அது இரண்டு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். அப்புறம்தான் விண்ணப்பம். கணவனோ மனைவியோ ஒருவருக்கு விசா கிடைத்தால் மற்றவரைச் சார்ந்திருப்பவர் என்று சேர்த்துக்கொள்வார்கள். கணக்கு திறக்க நேரில் போக வேண்டும். சுற்றுலா விசாவில் போனால் அறுபது நாள், நீட்டித்தால் இன்னும் முப்பது. ஆகவே போய் இறங்கிய வாரமே கணக்கு திறந்தாக வேண்டும், இல்லையென்றால் நாள் கணக்கு உதைக்கும்.

அந்தத் தொகைக்காக அத்தான் ஸ்டூடியோவை விற்றார். குடை விளக்கு, கோட்டு, பலகை எல்லாவற்றோடும் சேர்த்து விற்றுவிட்டு, சீப்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். புழுதிக் காலம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி விமானம் ஏறினோம். விமான நிலையத்தில் முகத்தைக் காட்டினால் தானே திறக்கிற கதவு ஒன்று உண்டு. போன தடவை போலவே இந்தத் தடவையும் அது எனக்கும் அக்காவுக்கும் திறந்தது, அத்தானுக்குத் திறக்கவில்லை. "மெஷின் இன்னும் ரிப்பேர் பண்ணல போல" என்று சொல்லிவிட்டு அத்தான் அதிகாரி இருந்த வரிசைக்குப் போனார். அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவைக்காரனுக்கு அது வெட்கக்கேடு.

மறுநாள் காலை வங்கிக்குப் போனோம். குளிர் எலும்பைக் குத்துகிற ஏசி. கவுண்டரில் இருந்த பெண் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவில் தகராறு என்பதால் நன்றாகப் பேசிக்கொண்டோம். நான் கேட்டுத் தமிழில் சொல்வதும் அக்காவும் அத்தானும் சொன்னதை அவளிடம் சொல்வதுமாக வேலை நடந்தது. படிவங்கள் எல்லாம் சரி. பாஸ்போர்ட்டை ஒரு கருவியில் வைத்தாள். மேஜை மேல் பாம்பு போல வளையும் கழுத்தோடு ஒரு சின்னக் கேமரா. அதைப் பார்க்கச் சொன்னாள். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் இந்த முகமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அது கணக்குப் போட்டுச் சொல்லுமாம். நூற்றுக்கு எண்பது வந்தால் போதும்.

நாற்பத்தொன்று வந்தது.

அத்தான் கவலையே படவில்லை. "லைட் தப்பா வெச்சிருக்காங்க மாப்ளே. மேல இருந்து அடிக்குது பாரு, கண்ணுக்குக் கீழ குழி விழும். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வெள்ளைப் பேப்பர் கேளு." கேட்டேன். காகிதத்தைத் தாடைக்குக் கீழே மேஜையில் பரப்பி, விளக்கைத் திருப்பி, கேமராவின் கழுத்தை அவரே வளைத்து, தோளைத் தளர்த்தி உட்கார்ந்தார். நாற்பத்து நான்கு. ஸ்வெட்டர் பெண் அசந்துபோனாள். ஆனாலும் எண்பது இல்லை. மூன்றாவது தடவை மறுபடி நாற்பத்தொன்று.

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பி, இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். அத்தானுக்கு இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. கடைவாய்ப் பல் போனதில் கன்னம் இரண்டும் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் விழுந்ததில் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் இருந்தவருக்கு மச்சம் இல்லை. கன்னம் நிறைந்திருந்தது. மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"அத்தான், மச்சம் எங்க?"

"நான் எடுத்திருக்க மாட்டேனே" என்றார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கன்னத்தின் விளிம்பு, மூக்கின் நிழல், இமை. வேறொரு ஸ்டூடியோக்காரனின் வேலையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சுத்தமா பண்ணியிருக்கு" என்றார். அப்புறம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "என் கைதான்."

நடந்தது இதுதான். அன்றைக்கு ஒரு கல்லூரியின் பட்டமளிப்புப் படங்கள் நூற்றுக்கு மேல் வந்திருந்தன. சாயங்காலம் வரை வரிசையாக முகத்துக்கு முகம் மச்சம் எடுத்து, கன்னம் நிரப்பி, மூக்கை நேராக்கிக்கொண்டே வந்திருக்கிறார். வரிசை முடியப்போகிற நேரத்தில் அவர் முகம் வந்திருக்கிறது. கை நிற்கவில்லை. மற்றவர் பாஸ்போர்ட் படம் என்றால் அந்த ஆள் அறை வாசலில் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார், பலகை ஞாபகத்துக்கு வரும். என் படத்துக்கு நானே நின்றேன். தன் படத்துக்கு யார் நிற்பது?

அக்கா இவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல என்னடா வித்தியாசம்? ரெண்டும் இவர்தானே? இவர் இப்படித்தானே இருக்கார்?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

விடுதிக்கு வந்ததும் எனக்கு வந்த கோபத்தை முழுதும் கொட்டினேன். புதுப் பாஸ்போர்ட் வாங்க ஊருக்குப் போக வேண்டும், ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள், ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் புழுதிக் காலம் வந்து போயிருக்கும் என்று சொன்னேன். அக்கா என்ன ஆவாள் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு அத்தான் டீ சொல்லாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

மறுநாள் காலை குளியலறையை ஒரு மணி நேரம் பூட்டிக்கொண்டார். கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலித்தது. திறந்து வெளியே வந்தவரைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போனேன். பாஸ்போர்ட் படம் வேட்டி கட்டிக்கொண்டு நின்றது. மச்சத்தின் மேல் அக்காவின் பவுடரைக் குழைத்துப் பூசியிருந்தார். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் தீற்றி நேராகத் தெரியும்படி செய்திருந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உள்ளே பஞ்சு.

"அத்தான், இது ஏமாத்து வேலை. பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

"என்ன ஏமாத்து?" பஞ்சோடு பேசியதால் குரல் எங்கிருந்தோ வந்தது. "பாஸ்போர்ட்ல இருக்கிற மூஞ்சியைத்தானே கேட்கறாங்க. கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்கார்" என்றாள் அக்கா.

இவர்களோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன் என்பதற்கு யாராவது எனக்கு மெடல் கொடுக்க வேண்டும்.

ஸ்வெட்டர் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள், அத்தானைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கேமராவைத் திருப்பினாள். அறுபத்து மூன்று. அத்தான் என் பக்கம் புருவத்தை உயர்த்தினார், பார்த்தாயா என்று. காகிதத்தைப் பரப்பினார். அறுபத்தாறு. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று அவள் சொல்லி, இடையில் வழக்கப்படி பிறந்த தேதியைக் கேட்டாள். அத்தான் வாயைத் திறந்தார். வருஷத்தைச் சொல்லும்போது இடது கன்னத்துப் பஞ்சு படிவத்தின் மேல் விழுந்தது.

ஸ்வெட்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேலாளர் ஐம்பது வயது அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழே இறக்கி, இரண்டு விதமாகவும் அத்தானைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் திரட்டி உண்மையைச் சொன்னேன். இவர் வேலை இது, நாற்பது வருஷமாக இதைத்தான் செய்தார், அவர் முகம் வரிசையில் வந்துவிட்டது, வேறு தப்பான எண்ணம் இல்லை. மேலாளர் ஒரு டிஷ்யூ காகிதத்தை நீட்டினார். அத்தான் துடைத்தார். மச்சம் வந்தது, மூக்கு சாய்ந்தது. மற்றக் கன்னத்துப் பஞ்சையும் எடுத்து, கௌரவமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேலாளரின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் சொன்னதில் இளக்கம் இல்லை. இந்தப் பாஸ்போர்ட்டை வைத்து இவருக்கு எந்த வங்கியும் கணக்கு திறக்காது. ஊருக்குப் போய்ப் புதுசு வாங்கி வரட்டும்.

நான் சொல்லி முடிக்கும்முன்பே அத்தானுக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரையும் அழகா காட்டினேன் மாப்ளே" என்றார். "கடைசியில என் கையாலயே இவளைக் கெடுத்துட்டேன். இந்தப் புழுதியை இவ தாங்க மாட்டா. டாக்டர் சொன்னதை நீதானே வந்து சொன்னே?" கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்ததில் மிஞ்சிய கறுப்பு அதில் கரைந்து மூக்கோரம் வழிந்தது. நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

மேலாளர் அக்காவைப் பார்த்து, இவர் யார், வயது என்ன என்று கேட்டார். மனைவி, ஐம்பத்தொன்பது என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கி அவரே கருவியில் வைத்தார். அக்கா கேமராவை முறைத்தாள்.

தொண்ணூற்றெட்டு.

ஸ்வெட்டர் பெண் கை தட்டினாள். கணக்கை இந்த அம்மா பேரில் திறக்கலாம், பணம் அதில் போடலாம், விசாவுக்கும் இவரே விண்ணப்பிக்கலாம், கணவர் இவரைச் சார்ந்திருப்பவராக வரலாம், அவருக்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை என்று மேலாளர் விளக்கினார். நான் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டினாள், ஆனால் கவனம் திரையில் இருந்தது. அவளுடைய இரண்டு முகங்களும் அதில் இருந்தன. முன்பல் இடுக்கு, நெற்றியில் அம்மைத் தழும்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. இரண்டிலும் ஒன்று குறையாமல் இருந்தது.

"என்னங்க, என் படமும் அதே வரிசையிலதானே வந்திருக்கும்?"

"உன்னோடதுதான் கடைசி. என்னோடதுக்கு அடுத்தது."

"அப்புறம் ஏன் அதுல கை வைக்கல?"

அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டே திரையை ஒரு தடவை பார்த்தார். "திறந்து பார்த்தேன். செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. மூடிட்டேன்." பல்புக்கு வாட்ஸ் சொல்வது போலச் சொன்னார். என் அக்கா, ஐம்பத்தொன்பது வயதுக்காரி, ஒரு வெளிநாட்டு வங்கியில் பத்து பேர் நடுவில் வெட்கப்பட்டாள். நான் கூரையைப் பார்த்தேன்.

படிவத்தைப் புதிதாக எழுதினார்கள். எழுதி முடித்த ஸ்வெட்டர் பெண், கணக்கு வைக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா விதிகளையும் காட்ட வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். நானும் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவது வரியில் என் வாய் நின்றது.

"என்னடா, சொல்லு" என்றாள் அக்கா.

விசா வைத்திருப்பவர் இறந்துவிட்டால் சார்ந்திருப்பவரின் விசாவும் அத்தோடு முடியும். அவர் முப்பது நாளில் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். சொன்னேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம். வாங்க, ஊருக்குப் போலாம். நெஞ்சு கெட்டுப் போனவ நான். எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா இவரை மூட்டை கட்டச் சொல்லுவாங்களா? அங்க கடை இல்லை, ஒண்ணும் இல்லை, இந்த வயசுல எங்க போவார்? இவர் புதுப் பாஸ்போர்ட் எடுக்கட்டும். இவர் பேர்லயே வாங்கிக்கலாம்."

"ஆறு மாசம் ஆகும்கா."

"ஆகட்டும். இருந்துக்கறேன்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அளவைக்காரன் மூளை சில சமயம் வேலை செய்யும். "இப்ப உன் பேர்ல வாங்கு. நீங்க இங்க செட்டில் ஆனதும் அத்தான் நிதானமா புதுப் பாஸ்போர்ட் எடுக்கட்டும். அப்புறம் விசாவை அவர் பேருக்கு மாத்திக்கலாம். அப்ப இந்த ஏழாவது வரி அவருக்கு ஒட்டாது." மேலாளரிடம் கேட்டேன். மாற்றலாம், வழி இருக்கிறது என்றார்.

அக்காவின் முகம் தெளிந்தது. பேனாவை எடுக்கப் போனாள். அதற்குள் அத்தான், "மாத்த வேண்டாம்" என்றார்.

"என்னது?"

"மாத்த வேண்டாம் மாப்ளே. இப்படியே இருக்கட்டும்." அக்கா பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தே பேசினார். "நான் இந்த ஊருக்கு வந்தது இவ மூச்சு விடறதுக்கு. அது நின்னுபோச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை? முப்பது நாளே ஜாஸ்தி. அந்தப் பொண்ணுகிட்ட கேளு, குறைக்க முடியுமான்னு."

இதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. மேலாளருக்கு என்ன புரிந்ததோ, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த விசா எத்தனை வருஷம்னு கேளுடா."

"ஒரு வருஷம்கா. அப்புறம் புதுப்பிக்கணும்."

"எத்தனை தடவை புதுப்பிப்பாங்க?"

கேட்டேன். ஸ்வெட்டர் பெண் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்கு வரம்பு ஒன்றும் போடவில்லை, இருக்கிறவரைக்கும் புதுப்பிக்கலாம் என்றாள்.

"அப்ப நான் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.